பத்து நிமிசம் நிற்கும்

மேலூருக்கு முன்னால், சாலையோர ஓட்டலில் பேருந்து நிற்கிறது. "டீ, டிபன், பத்து நிமிசம்" என்று நடத்துநர் கதவைத் தட்டுகிறார். நான் அசையவில்லை. இளம்பிள்ளைவாதம் வந்த கால்களோடு இந்த உயரமான படிகளில் இறங்கி, கழிப்பறைக்குப் போய்வந்து ஏற எனக்குப் பத்து நிமிடம் போதாது. அதனால் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. இன்று வெயிலில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பக்கத்து இருக்கையில் இருப்பவர் செல்லூர்க்காரர். அவருக்கு வலது கால் முழங்காலோடு சரி. ஆனால் திருச்சியில் ஏறியதிலிருந்து ஒரு பெரிய பாட்டில் தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிட்டார்.

"டிரைவரண்ணே, நான் வாரதுக்குள்ள வண்டிய எடுத்துராதீங்க" என்று கத்திவிட்டு, படிப்படியாக உட்கார்ந்தே இறங்குகிறார். கீழே யாரோ ஊன்றுகோலை எடுத்துக் கொடுக்கிறார்கள்.

எல்லோரும் ஏறிவிட்டார்கள். ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார். செல்லூர்க்காரர் கழிப்பறைக்குப் போய்வந்து, நிதானமாக டீயை ஊதிக் குடிக்கிறார். பேருந்தே காத்திருக்கிறது. யாரும் திட்டவில்லை. திட்டினால் எனக்கு ஆறுதலாக இருக்கும். அவரை விட்டுவிட்டு வண்டி கிளம்பினால் இன்னும் நன்றாக இருக்கும்.

ஒருவழியாக ஏறி வந்து, நிரப்பிய பாட்டிலை என்னிடம் நீட்டுகிறார்.

"குடி மாப்ள. உதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. இறங்கணும்னா சொல்லு, உனக்கும் சேத்து நானே கத்துறேன்."

"தாகமில்லண்ணே."

அவர் சிரித்துவிட்டுத் தானே குடிக்கிறார். ஒவ்வொரு மடக்கும் அவர் தொண்டையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.