சன்னல் திறக்காத நாள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், இலங்கையில் ஹட்டனுக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். நாரத்தை இலையிலிருந்த புழுக்களைக் கண்ணாடிப் போத்தல்களில் விட்டு வகுப்பிலேயே வளர்த்தோம். அவை கூடு கட்டியதும், ஆளுக்கொரு கூட்டுக்குப் பேர் வைக்கச் சொன்னேன். பிள்ளைகள் யோசிக்கவேயில்லை, சடசடவென்று சொன்னார்கள்.

வண்ணத்துப்பூச்சிகள் வெளிவந்த அன்று, பறக்கவிடலாம் என்று சன்னலருகே போனேன். ஒருத்தரும் கைதட்டவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. முன்வரிசைச் சிறுமி ஓடிவந்து கொக்கியைப் பிடித்துக்கொண்டாள்.

"தெறக்காதீங்க டீச்சர். அது பிள்ளைக்காம்பராவுல செத்துப்போன எங்க தம்பி. அம்மா மலையிலருந்து வந்து பாக்கட்டும்."

தாய்மார் கொழுந்தெடுக்கப் போகையில் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. விசாரித்தால், மற்றப் பேர்களும் அப்படிப் போன குழந்தைகளுடையவைதான். நான் விசாரிக்காமலே இருந்திருக்கலாம்.

பொழுது சாயும்வரை சன்னல் மூடியே கிடந்தது. கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, இடுப்பில் சுற்றிய நனைந்த படங்குச் சாக்கோடு தாய்மார் வந்து வாசலில் நின்றார்கள். பூச்சிகள் கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்தன. யாரும் அழவில்லை. ஒருத்தி மட்டும் என்னருகே வந்து மெல்லக் கேட்டாள்.

"இதுல எங்க புள்ள எதுங்க டீச்சர்?"

எல்லாம் ஒரே மாதிரிக் கறுப்பு. நான் ஒன்றைக் கைகாட்டினேன்.