கையை எடுக்கச் சொன்ன அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்காக அவரைப் பற்றி எழுதித் தரும்படி அண்ணி என்னிடம் கேட்டார். "அழுது வடியாம எழுது. அவருக்குப் பிடிக்காது" என்றும் சொன்னார். முயன்றிருக்கிறேன்.

அண்ணன் மாடம்பாக்கத்தில் பிறந்தவர். நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா காலமாகிவிட்டதால், குடும்பப் பொறுப்பு இளம் வயதிலேயே அவர் தலையில் விழுந்தது. ஐ.டி.ஐ. முடித்ததும் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். என்னைக் கல்லூரியில் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். முன்கோபக்காரர். கத்திவிட்டு, போட்ட காப்பி ஆறுவதற்குள் தானே வந்து பேசிவிடுவார்.

என் மகளுக்கு ஒரு வயது நெருங்கியபோது காதுகுத்துக்கு நாள் பார்த்தோம். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவது எங்கள் வழக்கம். எனக்கு உடன்பிறந்தவர் அண்ணன் ஒருவர்தான். தோடுகூட வாங்கிவிட்டார். அந்த வாரமே, வேலை முடிந்து பைக்கில் திரும்பியபோது ஜி.எஸ்.டி. சாலையில் லாரி மோதி விழுந்தார். முதுகெலும்பில் அடி. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் கால்களுக்கு உணர்வு வரவில்லை. நடப்பது சந்தேகம், உட்காருவதற்கே பல மாதம் பயிற்சி தேவைப்படும் என்றார் மருத்துவர்.

"நடக்கிறது அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல உட்காரணும். பாப்பாவுக்குக் காது குத்தணும்ல" என்றார் அண்ணன்.

"உன் பெரியப்பா பையன் இருக்கான் இல்ல, அவன் மடியில வெச்சுக் குத்திடலாமே?" என்று என் மாமியார் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. வழக்கத்தில் அதற்கும் இடம் உண்டு.

"அண்ணன் உட்காரட்டும் அத்தை. அதுவரைக்கும் காது அப்படியே இருக்கட்டும்" என்றேன். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் ரசம் சாதத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவரும் அவர்தான்.

பகலில் அம்மா, மாலையில் அலுவலகத்திலிருந்து நேராக அண்ணி, விடுமுறை நாட்களில் நானும் என் கணவரும் என்று மாறி மாறி இருந்தோம். அன்பு மிகுந்துபோய் ஒரு தவறு செய்தோம். அண்ணனை உட்காரவைத்தால் சுற்றிலும் தலையணை அடுக்குவோம். கொஞ்சம் சாய்ந்தாலும் எல்லோரும் பாய்ந்து பிடிப்போம். கைகள் நன்றாக இருந்தவருக்கு அம்மா ஊட்டிவிட்டார். இதையெல்லாம் சில நாட்கள் பார்த்துக்கொண்டிருந்த பிசியோதெரபி மேடம் ஒருநாள் பொறுமை இழந்தார்.

"எல்லாரும் கையை எடுங்க. நீங்க பிடிச்சிட்டே இருந்தா அவர் உடம்பு எப்பங்க கத்துக்கும்?"

"விழுந்துட்டா?" என்றார் அம்மா.

"விழட்டும்மா. மெத்தை மேலதானே விழுறாரு. நான் பக்கத்துலதான் இருக்கேன்."

கையை எடுத்தோம். அண்ணன் பக்கவாட்டில் சரிந்தார். அம்மா அழ, அண்ணி அவரை வெளியே கூட்டிப்போனார். அண்ணன் முழங்கையை ஊன்றி எழுந்தார், மறுபடி சரிந்தார். ஆனால் அன்றிலிருந்து அவர் கட்சி மாறிவிட்டார். யார் கிட்டே போனாலும் "கையை எடு" என்பார். பிறகு மடியில் ஓர் அரிசிப் பையை வைத்துக்கொண்டு உட்காரப் பழகினார். அந்தப் பைக்குப் பெயர் பாப்பா. "இது நல்ல பாப்பா, உதைக்காது. உன் பொண்ணு உதைப்பாளே, அதுக்கு என்ன பண்றது?" என்று என்னிடம் கேட்பார்.

என் மகளுக்கு மூன்றாவது வயது நடந்தபோது, எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் காதுகுத்து வைத்தோம். சக்கர நாற்காலியிலேயே இருக்கட்டும் என்று எல்லோரும் சொன்னோம். அண்ணன் கேட்கவில்லை. மணையில் இறக்கிவிடச் சொன்னார். குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எல்லாரும் கையைப் பின்னால கட்டுங்க."

கட்டினோம். ஆசாரி முதல் காதைத் தொட்டதுமே பாப்பா அலறி உதைத்தாள். அண்ணன் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். என் கை தானாக முன்னால் வந்தது. அவர் பார்த்த பார்வையில் திரும்பப் பின்னால் போனது. ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையால் குழந்தையை அணைத்தபடி நிமிர்ந்தார். இரண்டாவது காதும் குத்தி முடித்தார்கள். இந்த மலரில் இருக்கும் படம் அப்போது எடுத்ததுதான். குழந்தை அழுகிறது, அண்ணன் சிரிக்கிறார், நாங்கள் எல்லோரும் வாத்தியாருக்குப் பயந்த பிள்ளைகள் மாதிரி கைகட்டி நிற்கிறோம்.

அதன்பின் அண்ணன் அதே தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குத் திரும்பினார். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் தானே போய்வந்தார். சென்ற ஆண்டு சிறுநீரகத் தொற்று வந்து மீண்டும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, இந்த முறையும் எழுந்துவிடுவார் என்றுதான் நம்பினோம்.

அவரைத் தூக்கியவர்களுக்கும், துடைத்தவர்களுக்கும், ரத்தம் கொடுத்த தொழிற்சாலை நண்பர்களுக்கும், மாடம்பாக்கத்து அக்கம்பக்கத்தாருக்கும், எங்களை அதட்டிய அந்த மேடத்துக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசி நாள் மதியம் அண்ணனின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிடித்திருந்த கையையும் பார்த்தார். அன்று மட்டும் அதை எடுக்கச் சொல்லவில்லை.