முந்நூற்றுப் பதினோரு வாக்கியங்கள்

அவர் முப்பத்தொரு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். கம்பி உரசுகிற சத்தத்தை வைத்தே எந்த மாடியில் கோளாறு என்று சொல்லிவிடுவார். மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் துணி வெட்டுபவள். அவர் அளந்து பேசுவார். இரண்டு பேருக்கான பேச்சையும் அவளே பேசித் தீர்ப்பாள்.

அவள் தொண்டையில் கட்டி என்று தெரிந்தபோது குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார்கள். மூன்று வாரம் அவகாசம் இருந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு பட்டியலையும் சின்ன ஒலிப்பதிவுக் கருவியையும் கொடுத்தாள். இருபது நாளில் ஆயிரத்து இருநூறு வாக்கியங்களைப் பேசிப் பதிந்துவிட்டால், பிற்பாடு கணினி அவள் குரலிலேயே பேசும்படி செய்யலாம் என்றாள்.

வீட்டில் இருந்த கணினி அவர் கையாலேயே கூட்டியது. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, வீடியோ பார்த்துப் பார்த்துப் பூட்டினார். பின் அறையில் போர்வையைச் சன்னலில் கட்டி, அவளை உட்காரவைத்துத் தினம் அறுபது வாக்கியம் பதிந்தார். அந்தக் கருவியில் ஒரு நாள் பேச்சுக்குத்தான் இடம் இருந்தது. எனவே மாலையில் எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றுவார், இரைச்சலை நீக்குவார், அன்றைய கோப்புகளை ஒரே மூட்டையாகச் சுருக்கி வைப்பார், பிறகு கணினியில் இருந்த மூலத்தையும் அழித்துக் கருவியைக் காலி செய்வார்.

"இதுல பேசுற பொம்பள ரொம்ப மரியாதைக்காரியா இருக்கா" என்றாள் அவள், பட்டியலைப் புரட்டியபடி. "தயவுசெய்து கதவைத் திறங்கன்னு நான் எப்ப சொல்லியிருக்கேன்? என் பேச்சுன்னு நாலு வேணாமா?"

கடைசி வாரத்தை அவளுடைய சொந்தப் பேச்சுக்கு என்று ஒதுக்கினார்கள்.

ஐந்தாம் நாள் முடிந்ததும் அவருக்கு அவசரம் வந்தது. இரைச்சல் நீக்கவே இரண்டு மணி நேரம் பிடித்தது. ஏற்கெனவே இருந்த இரண்டு ரேம் நினைவகங்களோடு அதே பெயர், அதே வேகத்தில் இன்னும் இரண்டு வாங்கிப் பூட்டினார். இதுவரை தொடாமலிருந்த செட்டிங்ஸுக்குள் போய், ரேம் பெட்டியின் மேல் அச்சடித்திருந்த வேகத்தை ஒரே பொத்தானில் தட்டிவிட்டார். வேலை பாதி நேரத்தில் முடிந்தது. மிச்ச நேரத்தில் அவள் இன்னும் கொஞ்சம் பேசலாம் என்பதுதான் அவர் கணக்கு.

மறுநாள் திரை நீலமாகி, கணினி தானாக அணைந்து எழுந்தது. மின்கம்பி தளர்ந்திருக்கும் என்று இறுக்கினார். அதற்கடுத்த நாளும் நின்றது. கணினிக்குள் இருந்த விசிறியைத் துடைத்தார்.

"லிப்ட் நடுவழியில நின்னா ஆளை இறக்கிட்டுத்தானே உள்ள கையை வைப்பீங்க?" என்றாள் அவள். குரல் அதற்குள் கரகரத்திருந்தது. "இதை மட்டும் ஓட்டிக்கிட்டே பாக்குறீங்க."

"முதல்ல இது முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஒரு மாதம் கழித்துக் குரல் பதிவுகளை அனுப்பச் சொன்னார்கள். அவர் மூட்டைகளைத் திறந்தார். முதல் ஐந்து திறந்தன. ஆறாவது, கோப்பு சேதமடைந்துள்ளது என்றது. ஏழாவதும் அப்படியே. இருபதாவது வரை அதே பதில்தான்.

கணினியைத் தூக்கிக்கொண்டு பாகங்கள் வாங்கிய கடைக்குப் போனார். கடைக்கார அம்மா ரேமைச் சோதிக்கும் நிரலை ஓடவிட்டாள். பத்து நிமிஷத்தில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். ஒவ்வொரு ரேமாகத் தனியே போட்டுப் பார்த்தாள், ஒரு பிழையும் இல்லை. இரண்டு இரண்டாகப் போட்டாலும் இல்லை. நான்கையும் சேர்த்தால் மறுபடி சிவப்பு.

"ரேம் நல்லாத்தான் சார் இருக்கு. நாலையும் சேத்து இந்த வேகத்துல ஓட்டினா இந்த மதர்போர்டு தாங்கல. வேகத்தைக் கொறைச்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

"இப்ப கொறைச்சா அந்த மூட்டையெல்லாம் திறக்குமா?"

அவள் திரையிலிருந்த சிவப்பு வரிகளைக் காட்டினாள். "சுருக்குறப்பவே தப்பா எழுதியிருக்கு சார். மூட்டை கட்டின கையோட ஒருதடவை பிரிச்சுப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

வேகத்தைக் குறைத்து அவளே வைத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து கணினி ஒரு தடவைகூட நின்றதில்லை. அது ஒழுங்காக ஓடுவதைப் பார்க்கத்தான் அவருக்குப் பொறுக்கவில்லை.

மனைவியிடம் நான்கு நாள் சொல்லவில்லை. பதினைந்து மூட்டைகளையும் கிளறி, தேறியது பதினோரு வாக்கியம் என்று ஆன பிறகு சொன்னார். தலை குனிந்தே இருந்தார். அவள் நோட்டை எடுத்து எழுதி அவர் முன்னால் நகர்த்தினாள்.

"மொத்தம் எத்தனை?"

"முந்நூத்திப் பதினொண்ணு."

"நான் சொந்தமா பேசினது?"

"ரெண்டு."

போடச் சொல்லிக் கையைக் காட்டினாள். போட்டார். "சாப்பாடு ஆறிப் போகுது, வந்து தொலைங்க" என்றது அவள் குரல். இரண்டாவதில் பாதிச் சிரிப்புதான் இருந்தது. அவள் கேட்டுவிட்டு எழுந்துபோய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள். திட்டி ஒரு வரி எழுதியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இருந்ததை வைத்து ஒரு குரல் செய்து, தட்டினால் பேசும் ஒரு கருவியில் போட்டுக் கொடுத்தார்கள். சில எழுத்துகளில் அவள் சாயல் தெரிந்தது, மற்றதெல்லாம் வேறு யாரோ. இரண்டு நாள் தையல் கடையில் அதை வைத்துப் பேசிப் பார்த்தாள். மூன்றாம் நாள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். "எவளோ ஒருத்தி என் பேர்ல பேசுறா" என்று நோட்டில் எழுதிக் காட்டினாள். வீட்டுக்குள் அவரைக் கூப்பிட வேண்டுமானால் இரண்டு முறை கை தட்டினாள்.

அவர் உடைந்த கோப்புகளை விடவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து, இரைச்சலுக்கு நடுவே காதை வைத்துக் கேட்டபடி கிடந்தார். மூன்று மாதத்தில் அரை வாக்கியம் கிடைத்தது, அதுவும் பட்டியலில் இருந்ததுதான். ஒரு விடுமுறை நாளில் அவள் அறைக்குள் வந்து, அவர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி, நோட்டை மடியில் வைத்தாள். "போதும். வாங்க" என்று எழுதியிருந்தது.

அவர் எழுந்து போனார். அதன் பிறகு தினமும் அவள் வேலைக்குக் கிளம்பிப் போகும்வரை காத்திருந்து, கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கோப்புகளைக் கேட்டார்.