நான்காவது செபம்

நான் ஆட்களைச் சிரிக்க வைக்கும் பகிடிக்காரன். அதனால்தான் எங்கள் திருகோணமலை அலுவலகத்தின் சுதந்திர தின விழாவில் ஒலிவாங்கியை என் கையில் தந்தார்கள்.

கொடியேற்றியதும் நான்கு சமயத்தவரும் நாட்டுக்காகப் பிரார்த்திப்பது வழக்கம். கிறிஸ்தவம் எப்போதும் கடைசி. பாதருக்குச் சுகமில்லாததால் நிலாவெளியிலிருந்து மரியா அக்கா வந்திருந்தா. அவவின் கணவர் யுத்த காலத்தில் காணாமல் போனவர்.

"தம்பி, அவருக்காகவும் செபிக்கப் போறன். அதிகாரிமார் எல்லாரும் கேக்கோணும்," என்று எழுதி வந்த தாளைக் காட்டினா.

வெயில் ஏறிவிட்டது. சனம் கதிரைகளில் நெளிந்தது. கொஞ்சம் சிரிக்க வைப்போம் என்று, "இனி, கப்பலில் வந்து இறங்கிய சமயத்தின் முறை!" என்றேன். நானும் வேதக்காரன், கிறிஸ்தவன்தானே, எங்களை நாங்களே நக்கலடித்தால் என்ன என்ற துணிவு. சபை விழுந்து விழுந்து சிரித்தது.

அக்கா தாளை மடித்தா. எல்லாரும் வழக்கமாகச் சொல்லும் பரலோக மந்திரத்தை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினா.

பின்னால் ஓடினேன். "அக்கா, ஏன் அதை வாசிக்கேல்லை?"

"என்ர மனிசன் கப்பலில வரேல்லைத் தம்பி. இஞ்ச பிறந்து இஞ்சயே காணாமல் போனவர். சிரிச்ச ஆக்களுக்கு முன்னால அவற்ற பேரை எப்பிடிச் சொல்லுறது?"

அவவின் கணவருடைய பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.