புகைப்புரை ஆணி

அருமனைப் பக்கம் ரப்பர் வெட்டில் கைதேர்ந்தவர் யார் என்று கேட்டால் ராஜையனைச் சொல்வார்கள். என் அப்பா. விடியும் முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு மரம் மரமாகப் போய்வந்தவர். சர்க்கரை வந்து, இடது காலின் சுண்டுவிரலை நெய்யூர் ஆஸ்பத்திரியில் எடுத்த பிறகும் காலில் செருப்பு ஏறவில்லை. அந்தக் கால்களில் இப்போது உணர்ச்சியும் இல்லை. கத்தாரில் இருக்கும் நான் வீடியோவில் முதலில் காட்டச் சொல்வது அவருடைய பாதத்தைத்தான். பாதி நாள் காட்டமாட்டார்.

மழைக்குச் சரிந்த புகைப்புரையை, ரப்பர் ஷீட் உலர்த்தும் அந்தச் சின்னக் கொட்டகையை, அவரே பிரித்துவிட்டதாக ஒரு நாள் போனில் சொன்னார். பலகைக்குப் பலகை துருப்பிடித்த ஆணி.

"அயனி மரத்துப் பலகையாக்கும் மக்கா. புகை குடிச்சுக் கறுத்துப் போச்சு, கரையான் கிட்ட வராது. விறகுக்கா போட? உரப்பெட்டி செய்யப் போறேன்."

"செருப்பு?"

"பெட்டிக்கு எதுக்குடே செருப்பு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, என் லீவு நாளில், பெட்டியைக் காட்டினார். பக்கத்து வீட்டு பிரிஜா போனைப் பிடித்திருந்தாள். காற்றுப் போக இடைவெளி விட்டு அடித்த பலகைகள். உரம் அள்ள முன்பக்கத்துப் பலகையை மட்டும் மேலே உருவிக்கொள்ளலாம். உள்ளே வாழைத்தண்டும் சாணமும். நன்றாகத்தான் இருந்தது. மிதித்து அமுக்குவதற்காக அவர் காலைத் தூக்கியபோது உள்ளங்காலில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

"பிரிஜா, அந்தக் காலக் காட்டு."

"மாமா, காலப் பொக்குங்க."

தூக்கிய காலில் உறைந்த ரப்பர் பால், தோல்போல ஒட்டியிருந்தது. வெட்டும்போது கத்தி கையில் பட்டால் தொழிலாளிகள் செய்வது. ஒரு சொட்டுப் பால் விட்டால் ரத்தம் நிற்கும், வேலை நிற்காது.

"ஆணி ஏறிச்சா?"

"ஞாயிற்றுக்கிழம ஏறிச்சு போல. பலகையில ரத்தத்தப் பாத்துத்தான் எனக்கே தெரிஞ்சுது. பால விட்டு அடைச்சாச்சு. நோவே இல்ல."

நோவு இல்லை என்றதும் அதை உரித்துப் பார்க்கச் சொன்னேன்.

பிரிஜா ஓரத்தில் மெல்ல உரித்தாள். போன் சாய்ந்து, வெறும் பலகைகள் மட்டும் தெரிந்தன.

"அண்ணா, நாறுது. உள்ள சீழாக்கும்."

"ஆட்டோக்கார அஜின விளி. இப்பளே நெய்யூருக்குக் கொண்டு போணும்."

"இதுக்கா ஆஸ்பத்திரி? கடல் தாண்டிப் போயி பேடியாயிட்டியே லே," என்று அப்பா சிரித்தார். பிறகு பிரிஜாவின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"இனியும் வெரல எடுக்க மாட்டானுவ, இல்லியா மக்கா?"

"மாட்டாங்கப்பா," என்றேன். எனக்கு என்ன தெரியும்?

சாயந்தரம் அஜின் போனில் கூப்பிட்டான். சீழை எடுத்துக் கழுவியாகிவிட்டது. எலும்பில் ஏறியிருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்த்துத்தான் சொல்வார்களாம். போனை அப்பாவிடம் கொடுத்தான்.

"முன்பலகைய அடைக்கல்ல மக்கா. கோழி கிளறிப் போடும்."

"பிரிஜா அடைச்சிட்டா."

அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வரும்போ செருப்பு வாங்கிட்டு வா. ரெண்டு காலுக்கும் சேத்துதான் வாங்கணும், கேட்டியா?"