லிஃப்டில் தனியாகப் போகும் குடுவை

காற்றைக் குளிரவைத்துத் தண்ணீர்போல ஆக்கும் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. கீழ்த்தளத்து இயந்திரம் நைட்ரஜனைத் திரவமாக்கித் தரும். அதைப் பெரிய எஃகுக் குடுவையில் பிடித்து மூன்றாம் மாடிக்கு அனுப்ப வேண்டும். அங்கே விஞ்ஞானிகள் அதை வைத்து ஹீலியத்தைக் குளிரச் செய்து, குளிரில் இன்னும் கீழே போக முடியுமா என்று உயிரைக் கொடுத்து உழைத்துக்கொண்டிருந்தார்கள்.

குடுவை லிஃப்டில் தனியாகத்தான் போகும். உள்ளே தள்ளிப் பொத்தானை அழுத்திவிட்டு அவள் படியேறி ஓடுவாள். வழியில் லிஃப்ட் நின்று நைட்ரஜன் கசிந்தால், உள்ளே இருக்கும் நல்ல காற்றை அது வெளியே தள்ளிவிடும். வாடை இருக்காது, மூச்சும் முட்டாது, ஆள் பாட்டுக்குத் தூங்கிப்போவான். இதற்குப் பயந்து படியேறுகிறவளுக்குத் தொடைநடுங்கி என்று பெயர் வைத்த புண்ணியவான், அதே கட்டடத்தில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அவள் வீட்டுக்காரர்தான். நாம் இழுக்கும் மூச்சிலேயே முக்கால்வாசி நைட்ரஜன், அது நம்மை என்ன செய்துவிடும் என்பது அவர் கட்சி.

அன்று லிஃப்டில் ஏதோ சத்தம் வருகிறதென்று, குடுவை ஏறிக்கொண்டிருக்கும்போதே முதல் மாடியில் நிறுத்தி அவரும் உள்ளே போய்விட்டார். இரண்டாம் மாடிக்குச் சற்றுக் கீழே அது குலுங்கி நின்றது. குடுவை சாய்ந்து கொட்டும் சத்தமும் அவர் குரலும் படியில் இருந்தவளுக்குக் கேட்டன. கதவைத் திறக்கும் சாவி உள்ளே, அவர் சட்டைப்பையில்.

இரண்டாம் மாடியில் குப்புறப் படுத்துக் கதவிடுக்கில் பார்த்தாள். வெண்புகை அவர் முழங்காலைத் தொட்டிருந்தது. காலுக்கு ஜில்லென்று சுகமாக இருக்கிறது என்று கேலி பேசினார். பேச்சு மெல்ல இழுபட்டது. கருவிப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். குளிர்ந்த வாயு கீழேதான் தேங்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

“ஏங்க, உட்காராதீங்க. எந்திரிச்சு சாவியை இந்த இடுக்குல நீட்டுங்க.”

“இரு, ரெண்டு நிமிஷம்.”

தலை தொங்கியது. கண் மூடிக்கொண்டது. அவள் கெஞ்சினாள், பிள்ளைகளைச் சொல்லி அழைத்தாள். அசைவில்லை. கல்யாணமான நாளிலிருந்து வாங்க, போங்க என்பதைத் தவிர அவரிடம் வேறு விதமாகப் பேசாதவள் கதவை அறைந்து கத்தினாள்.

“டேய், எந்திரிடா நாயே. சாவியைக் குடுடா.”

அது எப்படியோ உள்ளே எட்டியது. எழுந்து, தள்ளாடி, கண்ணைத் திறக்காமலே சாவியை இடுக்கில் நீட்டினார். அவள் வாங்கித் திருகிய அவசரத்தில் அது கதவுத் துளைக்குள் நுழையவே மாட்டேனென்றது. ஒருவழியாகக் கதவு திறந்ததும், ஓடிவந்த காவலாளியும் அவளுமாக அவரை வெளியே இழுத்துப் போட்டார்கள்.

நல்ல காற்று பட்டு முகம் தெளிந்ததும் எழுந்து உட்கார்ந்தார். வாய்விட்டு அழுதுகொண்டிருந்தவளைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது.

“எதுக்கு இப்போ அழற? நான்தான் கடைசிவரைக்கும் நின்னுட்டே இருந்தேனே.”

அவர் பொய் சொல்லவில்லை. உட்கார்ந்ததும் மயங்கியதும் நினைவில் இல்லாததால் உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். அவளுக்கு அப்போதுதான் முழுப் பயமும் வந்தது. நாளைக்கும் இதே மனுஷன் சிரித்துக்கொண்டே குடுவையோடு ஏறுவார்.