பத்திரம் கட்டிய சுவர்

ஊரில் அவருக்குப் ‘பத்திரம்’ என்றே பெயர். எதை வாங்கினாலும் பத்திரப்படுத்தாமல் தூக்கம் வராது. டிவி ரிமோட்டுக்கு ஓர் உறை, உறைக்கு மேல் ரப்பர் பேண்டு. கூடத்துச் சோபா இன்னும் கடையில் போட்ட பிளாஸ்டிக் கவரோடுதான் இருக்கிறது. வெயில் காலத்தில் அதில் உட்கார்ந்து எழுந்தால் தோல் கூடவே உரிந்து வரும். அப்போதும் மகானுபாவர் கவர் கிழிந்ததா என்றுதான் பார்ப்பார்.

அப்பேர்ப்பட்டவர் கோழிப்பண்ணைக்கு ஜெனரேட்டர் வாங்கினால் சும்மா விடுவாரா? சொந்த எஞ்சின் இல்லாத ஜெனரேட்டர் அது. டிராக்டரைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தி, அதன் பின்னால் சுழலும் தண்டை இதில் மாட்டினால்தான் கரண்டு வரும். வந்த வாரமே அதைச் சிமெண்ட் மேடையில் போல்ட் போட்டு முடுக்கி, இரும்புக் கால் நட்டுத் தகரக் கூரை போட்டு, சாரல்கூடப் படாமல் சுற்றிலும் செங்கல் சுவர் எழுப்பி, ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு கதவும் வைத்தார். சுவருக்கு நீலப் பெயிண்ட் வேறு.

கொளுத்தும் ஒரு மத்தியானம் கரண்டு போனது. கொட்டகையில் விசிறிகள் நின்றன. கோழிகள் வாயைப் பிளந்து இரைத்தன.

“இதுக்குத்தானே வாங்கி வெச்சிருக்கேன்!” என்று மனைவியிடம் மிடுக்காகச் சொல்லி, டிராக்டரில் ஏறிப் பின்னால் எடுத்தார். சுவர் வந்துவிட்டது. இறங்கிக் கதவைப் பார்த்தார், டிராக்டரைப் பார்த்தார். அட கடவுளே!

“ஏங்க, டிராக்டர மடிச்சா உள்ள கொண்டுபோகப் போறீங்க?” என்றாள் மனைவி.

“கொஞ்சம் பொறு. கரண்டு இப்ப வந்துடும்.” கை சுவரைத் தடவிக்கொண்டிருந்தது.

அவள் கொட்டகைக்குள் போய்விட்டுக் கடப்பாரையோடு வந்தாள். “மூலையில நாலஞ்சு சாஞ்சிடுச்சுங்க. குஞ்சுலேர்ந்து கண்ணா வளர்த்தது. எல்லாம் போயிடும் போல.”

பத்திரம் கதவைத் திறந்து, சட்டையைக் கழற்றி ஜெனரேட்டருக்குப் போர்த்திவிட்டு (அந்த நேரத்திலும்!), கடப்பாரையை வாங்கி முதல் இடியை அவரே இடித்தார். நீலச் சுவர் பொலபொலவென்று சரிந்தது. இருவருமாகச் செங்கலை வாரி எறிந்தார்கள். டிராக்டர் பின்னால் போனது, தண்டை மாட்டினார், அவள் சுவிட்சை மாற்றிப் போட்டாள். விசிறிகள் சுழன்றன. கோழிகள் மெல்ல வாயை மூடின. பத்திரம் செங்கல் குவியலில் உட்கார்ந்து அழுதேவிட்டார்.

சாயங்காலம் உடம்பெல்லாம் புழுதியோடு கூடத்துக்கு வந்து நின்றார்.

“கத்திரிக்கோல் எங்க?”

“எதுக்கு?”

“அந்த சோபா கவரக் கிழிச்சிடலாம்.”

மனம் மாறுவதற்குள் முடித்துவிட வேண்டுமே! அவள் கத்திரிக்கோலைத் தேடப் போகவில்லை, பல்லாலேயே கடித்துக் கிழித்தாள்.